ஐந்தாவது தூண்

தூத்துக்குடி
2-12-1974

அன்புள்ள மகள் வடிவுக்கு அப்பா எழுதுவது.

இவ்விடம் நான், உன் அம்மா, கடை மூவரும் சுகம். தூண்கள் மட்டும் சுகமில்லை.

நீ மெட்ராசில் பாலிடெக்னிக்கில் உட்கார்ந்து படம் வரைந்து அனுப்பிவிட்டாய். இங்கே பீச் ரோட்டில் அதைக் கட்டிவிட்டுக் கைகட்டி நிற்கிறவன் நான். உடன்குடியிலிருந்து வருகிற கருப்பட்டிச் சிப்பங்களை வெயில் படாமல் இறக்க வேண்டும், கடைக்கு முன்னால் ஐந்து தூண் வைத்து ஒரு வராந்தா வரைந்து கொடு என்றுதான் கேட்டேன். நீ கொடுத்தது ஐந்து தூணா, ஒரு தாய் வயிற்றில் ஒன்றரை வருஷத்துக்கு ஒன்றாகப் பிறந்த ஐந்து பிள்ளைகளா? மூத்தது பத்தடி. அடுத்தது எட்டு. அதற்கடுத்தது ஆறே முக்கால். நாலாவது ஐந்தே முக்கால். கடைக்குட்டி ஐந்தடி. தரை வேறு போகப் போக ஏறுகிறது. கடைக்குட்டி நிற்கிற இடத்தில் இரண்டரை அடி மேடு!

உத்திரம் வைப்பதற்காக நேற்றுத் தேவபிரசாதம் கொத்தனார் முதல் தூணிலிருந்து கடைசித் தூணுக்குக் கயிறு பிடித்தார். கயிறு சறுக்குமரம் மாதிரி இறங்கியது. தெருவே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. உப்பு லாரி ஓட்டுகிற ஹென்றி வண்டியை நிறுத்தி, ‘அண்ணாச்சி, கடைசித் தூணுக்கு இன்னும் வயசு வரலையோ? தண்ணி ஊத்துங்க, வளரும்’ என்கிறான். காயல்பட்டினத்திலிருந்து சரக்கு எடுக்க வந்த பாய், ‘உள்ள வாரவன் தலையைக் குனிஞ்சுதான் வரணும்னு கட்டியிருக்கீயளோ?’ என்று கேட்டுவிட்டுப் போகிறார். இருபது வருஷமாக இந்த ரோட்டில் நான் யாரையும் பார்த்துக் குனிந்ததில்லை. இப்போது என் சொந்த வராந்தாவில் குனிய வேண்டியிருக்கிறது.

இதெல்லாம் போகட்டும். உனக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை இனிச் சொல்லாமல் முடியாது. ஆடி மாதம் உன் சங்கரபாண்டியன் மாமா வந்தபோது, ‘பொம்பளப் பிள்ளைக்குக் கட்டடப் படிப்பு என்னத்துக்கு? ரெண்டு வருசம் போதும், எம்மவனுக்குக் கட்டி வச்சிருவோம்’ என்று ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு வாய் பெரிது என்று உனக்குத் தெரியும். ‘மச்சான், எம்மவ வரைஞ்சு கொடுத்து ஒரு கட்டடம் பொங்கலுக்குள்ள நிக்கும். நிக்காட்டா அவளை ஊருக்குக் கூட்டிட்டு வந்திருதேன்’ என்று சொல்லிவிட்டேன். நேற்றுக் கயிறு பிடித்த இடத்துக்கு அவரும் வந்திருந்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ‘பொங்கலுக்கு வரும்போது பெட்டியோட வரச் சொல்லும் மாப்ளே’ என்றார்.

நான் என்ன சொல்ல? ‘சின்னப் பிள்ளை, கணக்குத் தப்பிட்டா’ என்று சொல்லி வைத்தேன்.

எதில் தப்பினாய் என்று எழுது.

இப்படிக்கு, தலைகுனிந்த
அப்பா சிவனணைந்தபெருமாள்


மெட்ராஸ்
6-12-1974

அப்பாவுக்கு வடிவு எழுதுவது.

நான் சுகமாகத்தான் இருந்தேன், உங்கள் கடிதம் வரும் வரைக்கும்.

நான் எதிலும் தப்பவில்லை. நான் அனுப்பியது இரண்டு தாள். ஒன்று பிளானும் எலிவேஷனும். அதைப் பார்த்துத்தான் கட்ட வேண்டும். அதில் ஐந்து தூணும் பத்தடி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அம்புக்குறி போட்டுப் பத்து, பத்து, பத்து என்று ஐந்து தரம் எழுதியிருக்கிறேன். இன்னொன்று பர்ஸ்பெக்டிவ். கட்டி முடித்த பிறகு ரோட்டில் நின்று பார்த்தால் கடை எப்படித் தெரியும் என்று காட்டுகிற படம். அது கண்ணுக்கு. கொத்தனார் கரண்டிக்கு அல்ல.

வேம்பார் பஸ்ஸில் எத்தனை தரம் போயிருக்கிறீர்கள்? ஜன்னலில் உப்பு அம்பாரங்கள் வரிசையாகத் தெரியும். பக்கத்தில் இருப்பது வீட்டு உயரம். கடைசியில் இருப்பது கருப்பட்டி அளவு. அந்தக் கடைசி அம்பாரத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று யாராவது இறங்கி ஓடியிருக்கிறார்களா? எல்லா அம்பாரமும் ஒரே அளவு என்று பஸ்ஸில் இருக்கிற கைக்குழந்தைக்கும் தெரியும். தூரத்துத் தூண் சின்னதாகத் தெரியும் அப்பா. சின்னதாக இருக்காது!

அந்தப் பிளானுக்கு நான் பத்து நாள் உட்கார்ந்தேன். நாலாவது தூணில் ஒரு சொட்டு இந்தியன் இங்க் விழுந்துவிட்டது என்று முழுத் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி போட்டேன். எங்கள் வகுப்பில் முப்பத்தாறு பேரில் பெண்கள் மூன்று பேர். ‘உங்களுக்குக் கோலம் வரும், டீ-ஸ்கொயர் வராது’ என்று முதல் நாளே சொன்ன சார் ஒருவர் இருக்கிறார். அவர் வாயை மூட இரண்டு வருஷமாக நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த டீ-ஸ்கொயரை வைத்துக் கோடு போடுகிறேன். நீங்கள் என்னைக் கேட்காமல் என் படிப்பை ஒரு வராந்தாவில் பந்தயம் கட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள்! மாமாவுக்கு வாக்குக் கொடுக்க என் படிப்புத்தான் கிடைத்ததா? உங்கள் கடையைக் கொடுத்திருக்கலாமே.

அந்த முதல் தாள் எங்கே? அதைச் சொல்லுங்கள்.

வடிவு


தூத்துக்குடி
10-12-1974

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அம்மா, ‘இவளுக்கு இந்த வாய் எங்கன இருந்து வந்திச்சு?’ என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் வெளியே பார்த்தேன்.

முதல் தாள் விஷயத்துக்கு வருகிறேன். மெதுவாகத்தான் வர முடியும்.

நான் எட்டு வரை படித்தவன். ஒன்பதில் கணக்குக்கும் எனக்கும் ஒத்து வரவில்லை, அது பள்ளிக்கூடத்தில் இருந்தது, நான் வெளியே வந்தேன். அந்த எட்டு வருஷத்தில் நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ஒன்றுண்டு. கணக்கை முதலில் ரஃப் தாளில் போட வேண்டும். பிறகு அழகாக ஃபேர் எழுத வேண்டும். ரஃப் தாளில் கோடும் எண்ணும் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். உன் சுருளைப் பிரித்தேன். ஒரு தாளில் கோடு, எண், அம்பு. மனுஷன் புழங்குகிற அடையாளமே இல்லை. இன்னொன்றில் நம் கடை! தூண், நிழல், வாசலில் சாய்த்து வைத்த சைக்கிள், பின்னால் ஒரு பனை. கல்லாவில் நான்கூட இருக்கிறேன், புள்ளி மாதிரி. ஆகா, பிள்ளை ரஃப் போட்டுப் பார்த்துவிட்டு ஃபேர் எழுதி அனுப்பியிருக்கிறாள், சின்ன வயதிலிருந்தே சுத்தமான பிள்ளை என்று உன் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

இனி நான் சொல்லப்போவதற்கு நீ என்னைத் திட்டலாம். தேவபிரசாதம் முதல் நாளே சொன்னார்.

‘அண்ணாச்சி, இது என்னமோ இடிக்கி. தூணு போகப் போகக் குறையுதே.’

‘நீரு எத்தனாங் கிளாசு?’ என்று கேட்டேன்.

‘அஞ்சு.’

‘நான் எட்டு. எம்மவ பாலிடெக்னிக்கு. படத்துல எப்படியோ அப்படிக் கட்டும்.’

‘தரையும் ஏறுதே அண்ணாச்சி?’

‘மழைத்தண்ணி வடிய வாட்டம் வச்சிருக்கா.’

‘வாட்டம் ரோட்டைப் பாத்துலா இருக்கணும்? இது பக்கத்துக் கடைக்குப் போகுதே.’

‘அவன் கடைதானவே, போகட்டும்’ என்றேன். ‘புதுத் துறைமுகத்துல போய்ப் பாரும், கூரையெல்லாம் ஒரு பக்கமாச் சரிஞ்சுதான் கெடக்கு. இப்ப அதான் நாகரிகம்.’

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டிக்கொண்டார். அடி ஸ்கேலை எடுத்துப் படத்தில் வைத்தார். இஞ்சுக்கு நாலடி வீதம் பெருக்கி, கடலிலிருந்து எடுத்து வந்த முருகைக்கல்லை வைத்துப் பிசகில்லாமல் கட்டினார். தப்பை அவ்வளவு சரியாகக் கட்ட அவரால்தான் முடியும்.

சரி, ரஃப் தாள். தடித்த தாளாக இருந்தது. கசியாது. நவம்பரில் உனக்குச் சில்லுக்கருப்பட்டி அனுப்பினேனே, அந்த ஓலைப்பெட்டியின் அடியில் விரித்தது அதுதான். ஆகவே அந்தத் தாள் இப்போது உன்னிடம்தான் இருக்கிறது. ஒரு மாதமாகத் தின்கிறாயே, அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தரம் எட்டிப் பார்க்கக் கூடாதா? பத்து நாள் உட்கார்ந்து போட்டவளுக்குத் தன் கைக்கோடு தெரியாதா? எனக்கும் கோபம் வரும், ஆமாம்.

கொத்தனாரிடம், ‘தப்பு உம்ம பேர்ல இல்ல’ என்று தனியாகச் சொல்லிவிட்டேன். உன் மாமாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவர் முன்னால் நான் எவ்வளவு பேசியிருக்கிறேன்! கொஞ்ச நாள் போகட்டும். உனக்கு வயதிருக்கிறது, நீ தப்புச் செய்ததாக இருந்தால் ஊர் மறந்துவிடும். எனக்கு அப்படியா?

அப்பா


மெட்ராஸ்
14-12-1974

அப்பாவுக்கு,

தாள் கிடைத்தது. கருப்பட்டி தீர்ந்த பெட்டியை என் அறைத்தோழி ஜெபசெல்வி எடுத்துக்கொண்டு ஹேர்பின்னும் ரிப்பனும் போட்டு வைத்திருந்தாள். கொட்டிப் பார்த்தோம். மூன்றாவது தூணின் மேல் கருப்பட்டி ஒட்டி ஈ ஒன்று செத்திருந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ‘உங்க அப்பா உனக்கு மார்க் போட்டு அனுப்பியிருக்காவ’ என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைப் பார்க்காதது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் நான் ஒப்புக்கொள்ள ஒன்றுமில்லை.

ரஃப் என்று நினைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. யாரும் சொல்லித் தராததை நீங்கள் எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? தேவபிரசாதம் அண்ணாச்சி கேட்டபோது எத்தனாம் கிளாஸ் என்று கேட்டீர்களே, அதற்குக் கோபம். அவர் கேட்டது சரியான கேள்வி. என்னை ‘டீ-ஸ்கொயர் வராது’ என்று சொன்ன சாருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

எல்லாவற்றையும்விடக் கோபம், ‘நீ செய்ததாக இருந்தால் ஊர் மறந்துவிடும்’ என்று எழுதினீர்களே, அதற்கு. ஊர் மறக்காது அப்பா. ஆண்பிள்ளை தப்பாக வரைந்தால் அது ஒரு தப்பு. நான் தப்பாக வரைந்தால், இனி நம் தெருவிலிருந்து ஒரு பெண்பிள்ளையை மெட்ராசுக்கு அனுப்ப மாட்டார்கள். கீழத்தெரு பகவதி அக்கா மகள் எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகிறாள். அவளுக்கு உங்கள் ஐந்தடித் தூணைக் காட்டித்தான் பதில் சொல்வார்கள்.

பிளானை மறுபடி ட்ரேஸ் செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மேலே சிவப்பு மையில் ‘இதைக் கட்டவும்’ என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் எங்கே நின்று ‘கணக்குத் தப்பிட்டா’ என்று சொன்னீர்களோ, அங்கேயே நின்று, மாமாவும் கொத்தனாரும் கேட்க, தப்பு யாருடையது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் பொங்கலுக்குப் பெட்டியோடும் வர மாட்டேன், பெட்டியில்லாமலும் வர மாட்டேன்.

வடிவு


தூத்துக்குடி
20-12-1974

அன்புள்ள வடிவுக்கு,

சொல்லிவிட்டேன். திருப்திதானே.

நாலு நாள் சொல்லவில்லை. தெருவில் கூட்டம் போதாது, மாமா வரவில்லை, தொண்டை சரியில்லை என்று நாளுக்கு ஒரு சாக்கு வைத்திருந்தேன். நேற்றுச் சாயங்காலம் மாமா வந்தார். சிப்பம் இறக்குகிறவர்கள் நாலு பேர், கொத்தனார், காயல் பாய், தொலைந்து போகாத அந்த ஹென்றி எல்லோரும் இருந்தார்கள். நான் கடைசித் தூணின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தத் தூண் ஒன்றுதான் எனக்குக் கை வைக்கிற உயரத்தில் இருக்கிறது.

‘மச்சான், தப்பு எம்மவ பேர்ல இல்ல. எம் பேர்ல.’

‘என்ன மாப்ளே, பிள்ளையைக் காப்பாத்துதீரா?’

‘இல்ல, இத்தனை நாளும் என்னையத்தான் காப்பாத்திக்கிட்டேன். கட்ட வேண்டிய தாளைக் கருப்பட்டிக்கு விரிச்சிட்டு, பாக்க வேண்டிய தாளைக் கட்டியிருக்கேன். கொத்தனார் முத நாளே சொன்னாரு. நான்தான் எட்டாங் கிளாசுத் திமிர்ல அவரு வாயை அடைச்சேன்.’

தேவபிரசாதம் நிமிர்ந்து பார்த்தார். ‘சொன்னேம்லா?’ என்று தெருவைப் பார்த்து ஒரே ஒரு தரம் கேட்டார். மூன்று வாரமாக அந்த மனிதர் சர்ச்சுக்குப் போனால்கூட, ‘கோணத் தூணு கொத்தனாரு வாராரு’ என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவில்லை.

ஹென்றி, ‘அப்ப அண்ணாச்சி கருப்பட்டி யாவாரத்துல மட்டும்தான் கெட்டி’ என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? சிரித்த பிறகுதான் தெரிந்தது, அவ்வளவு பெரிய காரியம் இல்லை என்று.

உன் மாமா சும்மா விடுவாரா? ‘எப்படி இருந்தாலும் கட்டடம் நிக்கலையே. பந்தயம் பந்தயந்தான்’ என்றார். அப்போதுதான் எனக்கு உன் அம்மா கேட்ட அந்த வாய் வந்தது. ‘பந்தயம் எம்மவ வரைஞ்சது நிக்குதா இல்லையாங்கிறதுலா? அவ வரைஞ்சதை நாம இன்னும் கட்டவே இல்லையே! பொங்கலுக்கு இன்னும் மூணு வாரத்துக்கு மேல கெடக்கு மச்சான்’ என்றேன். உன் சிவப்பு மைத் தாளைக் கொத்தனார் கையில் கொடுத்தேன். அவர் அதை விரித்து, அம்புக்குறியை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். ‘இதை மொதல்லயே குடுத்திருந்தா, என்னைய எத்தனாங் கிளாசுன்னு கேட்டிருக்க வேண்டாம்’ என்றார். கேட்டுக்கொண்டேன்.

முதல் தூண் சரியானது, அது நிற்கும். இன்று காலை இரண்டாவதை இடித்தார்கள். கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் மட்டும்தான் லீவு எடுப்பதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார்.

அப்பா


மெட்ராஸ்
27-12-1974

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். ஜெபசெல்விக்கும் படித்துக் காட்டினேன். அதற்குப் பதிலாகச் சந்தோஷமாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இது அந்தக் கடிதம் இல்லை.

நம் வராந்தாப் படத்தின் இன்னொரு பிரதியை வகுப்பில் பர்ஸ்பெக்டிவ் பயிற்சிக்குக் கொடுத்திருந்தேன். நேற்றுத் திரும்பி வந்தது. வலது மூலையில் சிவப்புப் பென்சிலில் பெரிய வட்டம். நான் வழக்கம் போல ‘அளவு: 1 அங்குலம் = 4 அடி’ என்று எழுதியிருக்கிறேன். அந்த அளவு முன்னால் நிற்கிற முதல் தூணுக்கு மட்டும்தான் பொருந்தும். மற்ற எதற்கும் பொருந்தாது. பர்ஸ்பெக்டிவில் அப்படி எழுதவே கூடாது. வகுப்பில் அத்தனை பேர் முன்னால், ‘இதை அளந்து யாராவது கட்டினால் என்னம்மா ஆகும்?’ என்று சார் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு நம் தெரு தெரிந்தது.

உங்களுக்கு அனுப்பிய படத்திலும் அது இருக்கும். தேவபிரசாதம் அண்ணாச்சி ஸ்கேலை வைத்தாரே, இஞ்சுக்கு நாலடி என்று, அவர் கற்பனையில் வைக்கவில்லை. நான் எழுதி வைத்ததைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார். நான் உங்களை நடுத்தெருவில் நிறுத்தினேன். தப்பில் பாதி என்னுடையது என்று மாமாவிடம் அந்த மூலையைக் காட்டிவிடுங்கள். படிப்பு போனால் போகட்டும் என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. ஆனாலும் காட்டிவிடுங்கள்.

என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

வடிவு


தூத்துக்குடி
9-1-1975

அன்புள்ள மகள் வடிவுக்கு அப்பா எழுதுவது.

நேற்று உத்திரம் ஏறியது. ஐந்தும் பத்தடி. உன் மாமா தன் வீட்டிலிருந்து கயிறு கொண்டுவந்து, என் கயிற்றை நம்பாமல், மூன்று தரம் அளந்தார். பிறகு முதல் தூணைத் தட்டி, ‘சரி, மூணாம் வருசமும் படிக்கட்டும்’ என்று தூணிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னிடம் சொல்லவில்லை. நான் தூணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இப்போது உன் மூலை.

நீ என்ன, உன் அப்பனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது என்றா நினைத்தாய்? ‘பிள்ளை அளவே போட்டிருக்கா பாரும், எடுத்து வையும் ஸ்கேலை’ என்று கொத்தனாருக்கு அந்த மூலையைத் தொட்டுக் காட்டியதே நான்தான். தெருவில் நின்று தப்பு என்னுடையது என்று சொன்னேனே, அப்போது அந்த மூலை என் சட்டைப்பையில் இருந்தது. கண்ணுக்கான படத்தில் அளவு எதற்கு என்று உன் மாமா கேட்டுவிடக் கூடாதே என்று அன்று காலையில் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டேன். படத்தைச் சட்டம் போடக் கொடுத்தபோது தேவபிரசாதம் பார்த்துவிட்டார்.

‘அண்ணாச்சி, இந்த மூலையில என்னமோ எழுதியிருந்துதே?’

‘எறும்பு தின்னுட்டு வே.’

‘எறும்பு இம்புட்டு நேராவா தின்னும்?’

‘பாலிடெக்னிக்கு எறும்பு’ என்றேன். அவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

பாதித் தப்பு, கால் தப்பு என்று பங்கு போட நீ யார்? பார்த்துக் கட்டும் என்று சொன்ன வாய் என்னுடையது. சொன்னதைக் கேட்காத காதும் என்னுடையது. உன் மாமாவிடம் நான் சொல்ல மாட்டேன். கொத்தனாரிடம் மட்டும் நீ சொல்லியாக வேண்டும், அவர் வயிறெரிந்து கட்டியவர். பொங்கலுக்கு வந்து உன் வாயாலேயே சொல். மூலையை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் டிராயிங் போர்டில் குத்தி வை.

இன்னொன்று. பிளானில் ஐந்தாவது தூணுக்கு இடம் இன்னும் தள்ளி வந்ததால், தப்பான தூண்களில் கடைசித் தூணை மட்டும் இடிக்கவில்லை. மேட்டை வெட்டி எடுத்ததும் புதைந்திருந்த அடிப்பாகம் வெளியே வந்து அது உயர்ந்துபோயிற்று. கொத்தனார் தலையைத் தட்டி மறுபடி ஐந்தடிக்கே கொண்டுவந்து, மேலே ஒரு கல்பலகை பதித்துவிட்டார். வராந்தா ஓரத்தில் சுமைதாங்கி மாதிரி நிற்கிறது. லாரியிலிருந்து சிப்பம் சுமந்து வருகிறவர்கள் அதில் இறக்கிவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொள்கிறார்கள். தெரு அதற்கு ஒரு பேரும் வைத்துவிட்டது. உன் பேர் இல்லை. காலையில் கடை திறக்கும்போதே காதில் விழுகிறது:

‘ஏலே, எதுக்குத் தலையில வச்சுக்கிட்டு நிக்க? அண்ணாச்சி மேல இறக்கி வையிலே.’

அப்பா
சிவனணைந்தபெருமாள்